படத்தில் மூன்று பிள்ளைகள், பட்டியலில் இரண்டு: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

பேராசிரியர் சுகந்தியிடம் அவருடைய ஆய்வுகூடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். "அங்க பிரிட்ஜும் மெஷினும்தான் இருக்கு அண்ணை. சனிக்கிழமை விடிய என்னோட ரயில்ல வாங்கோ, வேலை நடக்கிற இடத்தைக் காட்டுறன்" என்றார். பெப்ரவரி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை நான் போய் வந்தது அப்படித்தான். அதே பாதையில் போக நினைப்பவர்களுக்காக நேரம், கட்டணம் எல்லாவற்றையும் குறித்திருக்கிறேன். இதில் வருகிறவர்கள் எழுதச் சம்மதித்தார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சுகந்தி இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயை ஆராய்பவர். வெளிநாட்டில் படித்து, அங்கேயே சில காலம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் விஞ்ஞானிகள் பலரைப் பேட்டி கண்டிருக்கிறேன். எல்லாரும் கதிரையில் இருந்துகொண்டுதான் கதைத்தார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் ஆராய்ச்சி செய்கிற ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

காலை 7.30க்கு வெள்ளவத்தை நிலையத்தில் சந்தித்தோம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கினால் ஐந்து நிமிட நடை. கோட்டைக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் நாற்பது ரூபாய். 7.52க்கு வரவேண்டிய ரயில் 8.04க்கு வந்தது. சனிக்கிழமை என்பதால் இருக்க இடம் கிடைத்தது. கோட்டைக்குப் போகும்போது இடது பக்கம் இருங்கள், கடல் முழுக்க அந்தப் பக்கம்தான்.

ரயில் நகர்ந்ததும் சுகந்தி கைப்பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துத் தந்தார். நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர். தேவாரம், இறந்தவரின் வரலாறு, பழைய குடும்பப் படம், கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. நாடு திரும்பிய புதிதில் அவர் இவற்றைத்தான் சேர்த்தாராம்.

"வெளிநாட்டில ஒரு குடும்பத்தின்ர நாலு தலைமுறையை அறிய வருஷக்கணக்காகும். இங்க அலுமாரியைத் திறந்தா அச்சடிச்சு வைச்சிருக்குதுகள். எனக்கு லொத்தர் விழுந்தமாதிரி" என்றார். பிறகு, "அதை அப்பிடியே நம்பினதுதான் நான் விட்ட பிழை" என்று சேர்த்துக்கொண்டார்.

கையிலிருந்தது வாணியின் தாய்வழித் தாத்தாவின் நினைவு மலர். வாணிக்கு முப்பத்தேழு வயது, வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள். தாய் மார்பகப் புற்றுநோயில் நாற்பத்தாறு வயதில் இறந்தவர். வாணிக்கு நோய் இல்லை. ஆனால் பரிசோதனையில் மரபணு ஒன்றில் ஒரு மாற்றம் தெரிந்தது. அது நோயைக் கொண்டுவருமா, சும்மா இருந்துவிட்டுப் போகுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உலகத்தில் சேர்த்து வைத்திருக்கும் தரவுகளில் நம் ஆட்கள் மிகக் குறைவு. அதனால் நம்மிடம் காணப்படும் பல மாற்றங்களுக்குப் பக்கத்தில் 'தெரியாது' என்றுதான் எழுதியிருக்கிறது. வாணியோ தாய் பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிடுங்கள் என்று வைத்தியரிடம் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஒரு 'தெரியாது'வை நம்பிக் கத்தி வைக்க வைத்தியருக்கு மனமில்லை.

இதே குடும்பத்தில் நோய் வந்த இன்னொருவரின் இரத்தம் கிடைத்தால் ஓரளவு தெளிவு வரும். ஆனால் வம்சாவளியில் தாத்தாவுக்கு இரண்டே பிள்ளைகள்: வாணியின் தாய், கனடாவிலிருக்கும் மாமா. மாமாவுக்கு நோய் எதுவும் இல்லை.

"படத்தைப் பாருங்கோ அண்ணை" என்றார் சுகந்தி.

படத்தில் பிள்ளைகள் மூன்று பேர். ஒரு பையன், இரண்டு பெண்கள். மூத்த பெண் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று வாணியிடம் தாய் சொல்லியிருந்தாராம்.

"சட்டையளைப் பாருங்கோ. ரெண்டும் ஒரே துணியில வெட்டினது. தீபாவளிக்கு ஒரு கட்டுத் துணி வாங்கி வீட்டுப் பெட்டையளுக்குத் தைக்கிறதுதானே. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து ஆர் தைப்பினம்?"

வாணி கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். மாமா முதலில் வேறு கதை கதைத்தாராம். பிறகு ஒரு பெயரும் கொட்டாஞ்சேனை விலாசமும் தொலைபேசி இலக்கமும் சொன்னார். புனிதவதி. வாணியின் தாய்க்கு அக்கா; துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த ஒரு கத்தோலிக்கரைக் காதலித்து வீட்டைவிட்டுப் போனவர். அவருக்கும் ஒரு காலத்தில் 'அந்த வருத்தம்' வந்ததாக மாமா கேள்விப்பட்டிருக்கிறார்.

8.31க்குக் கோட்டை. அங்கிருந்து மூன்று கிலோமீற்றர்தான். வெள்ளவத்தையிலிருந்து நேர் பஸ்ஸும் உண்டு, ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஆட்டோக்காரரிடம் மீட்டர் போடச் சொன்னேன்.

"போடுறேன் ஹாஜியார். ஆனா பெட்டா நெரிசல்ல நிக்கிற நேரத்துக்கும் அது ஓடும். பொறகு என்னைய ஏசப்படாது" என்றார்.

"நான் ஹாஜியார் இல்லை."

"தாடிக்கு மரியாதை" என்று சிரித்தார். முந்நூற்று அறுபது ரூபாய் ஆனது. ஏசவில்லை.

கொட்டாஞ்சேனைப் பேராலயத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. கதவைத் திறந்த புனிதவதிக்கு எழுபத்தொரு வயது, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. மூன்று நாள் முன்பே சுகந்தி தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். எங்களை இருத்தி, பால் விடாத பிளேன்ரீயும் பொரித்த பற்றிஸும் வைத்துவிட்டுத்தான் தொடங்கினார்.

"நாப்பத்தாறு வருஷமா என்ர முகம் வேண்டாம். இப்ப ரத்தம் மட்டும் வேணுமாமோ?"

சுகந்தி கோப்பையைக் கீழே வைத்தார்.

"வெள்ளவத்தைக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் பிள்ளை? அப்பான்ர செத்தவீட்டைப் பேப்பரில பார்த்தனான். தங்கச்சியின்ரயும் அப்பிடித்தான். ரெண்டுக்கும் ஒரு ஆள் வந்து சொல்லேல்லை. எனக்கு மார்பில ஒப்பரேஷன் செய்த நேரம்தான் என்ர மகளுக்குக் கலியாணம் பேச்சு. வயித்து ஒப்பரேஷன் எண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டு இருந்தனான். பக்கத்தில நிக்க ஒரு சகோதரம் இல்லை."

"நீங்கள் தரமாட்டன் எண்டாலும் சரி அன்ரி. ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கேலாது" என்றார் சுகந்தி. "வாணிக்கும் அதைச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

"அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"முப்பத்தேழு. பெரிய ஒப்பரேஷன் ஒண்டுக்கு அவசரப்படுறா. அது தேவையோ இல்லையோ எண்டுதான் தெரியேல்லை."

புனிதவதி நினைவு மலரை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அதில் அதிகநேரம் நிற்கவில்லை. படத்துக்குத்தான் திரும்பிப் போனார்.

"இந்தத் துணி பச்சை. கறுப்பு வெள்ளையில உங்களுக்குத் தெரியாது" என்றார். பிறகு, "நீங்கள் ஒரு படம் கீறுவியளாமே, அதில என்னை எங்க போட்டிருக்கு?"

சுகந்தி தன் தாளை விரித்தார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. வாணியின் தாயினுடைய கறுப்பு வட்டத்துக்கு இடது பக்கம் வெறுமையாக இருந்தது.

"நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் கீறக்கூடாது அன்ரி. பேரும் எழுதுறதில்லை, இலக்கம்தான்."

"பேர் வேண்டாம். வட்டத்தையாவது போடுங்கோ."

சுகந்தி பென்சிலால் வட்டம் போட்டு, உள்ளே கறுப்பாக்கினார். புனிதவதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கறுத்ததுகளுக்குள்ள கோடு விழாதது நான் ஒருத்திதானோ? அப்ப எடுங்கோ ரத்தத்தை."

ஊசி இல்லை. முதல் நாள் சுகந்தி ஊசி கொண்டுபோவதில்லை. இரத்தம் கேட்டு வருகிறவர் பையில் ஊசியோடு வந்தால் இல்லை என்று சொல்ல ஆட்கள் கூச்சப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு கிழமை யோசிக்க விட்டுத்தான் திரும்பி வருவார்.

"இண்டைக்கு இருக்கிற மனம் அடுத்த கிழமை இருக்குமோ தெரியாது பிள்ளை."

"அதுக்குத்தான் அன்ரி ஒரு கிழமை."

வாசல்வரை வந்தவர் சொன்னார்: "சனிக்கிழமை வாறதெண்டால் அவளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ர வீட்டில ஒருநேரம் சாப்பிடட்டும். இல்லாட்டி நீங்களும் வரவேண்டாம்."

திரும்பும் ரயிலில் சுகந்தி அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். இப்படி ஒரு கிழமை விடும் வழக்கத்தால் மனம் மாறிக் கையை விட்டுப்போன குடும்பங்கள் உண்டு என்றார்.

அடுத்த சனிக்கிழமை அதே ரயில், எட்டு நிமிடம் தாமதம். வாணி கோட்டை வரை கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டே வந்தார். கதவு திறந்ததும், பெரியம்மா என்று கூப்பிட வாயெடுத்தவர் அழத் தொடங்கிவிட்டார். "உள்ள வா. அழுறதெண்டாலும் இருந்து அழு. மீன் குழம்பு ஆறுது" என்றார் புனிதவதி. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, சுகந்தியோடு வந்திருந்த தாதி இரத்தம் எடுத்தார். இரண்டு சிறிய குழாய்கள். மூன்று நிமிடமும் ஆகவில்லை.

முடிவு ஜூன் மாதம் வந்தது. வாணியிடம் உள்ள மாற்றம் புனிதவதியிடம் இல்லை. நோய் வந்தவரிடமே அது இல்லாதபோது, இந்தக் குடும்பத்தின் நோய்க்கு அது காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது. முழு விடை இல்லை என்பதைச் சுகந்தி இரண்டு தடவை சொன்னார். தாய்க்கும் பெரியம்மாவுக்கும் வந்திருப்பதால் வாணி ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். அறுவைச் சிகிச்சைக் கதையை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார். பரிசோதனை நாட்களில் துணைக்குப் போவது புனிதவதி. அவருடைய மகளும் இப்போது சுகந்தியிடம் வந்து போகிறார்.

போக நினைப்பவர்களுக்கு: கோட்டையிலிருந்து திரும்பும் ரயிலில் மதியத்துக்குப் பிறகு நெரிசல், பன்னிரண்டு மணிக்கு முன் ஏறிவிடுங்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் விலாசம் தேடும்போது வீட்டிலக்கத்தைவிட ஆளின் பெயரைக் கேட்பது விரைவு.

இந்த மாதிரி ஒரு மருத்துவக் காரணத்துக்காகக் குடும்ப வரலாறு தேட வேண்டியிருந்தால், முதலில் அலுமாரியிலுள்ள நினைவு மலரை எடுங்கள். படத்திலுள்ள தலைகளை எண்ணுங்கள். பிறகு கடைசிப் பக்கத்திலுள்ள பெயர்களை எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் புறப்படுங்கள். கோட்டைக்கு மூன்றாம் வகுப்பு நாற்பது ரூபாய்தான்.