மேலே ஏத்திட்டுக் கெளம்பு கண்ணு

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. கத்தித் தீர்க்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு தடவை கத்திவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்பார்கள். நான் "சரீங்கய்யா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி, திருப்பூரிலிருந்து பல்லடம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே போவேன். அப்படிக் கடித்துக் கடித்தே ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

அங்கே என் வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. 'சிஸ்டம் பொண்ணு' என்பார்கள். முப்பத்தைந்து வயதிலும் பொண்ணுதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், மானிட்டரில் பஞ்சு அடைந்தாலும் நான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பிரிண்டர் இல்லை, ஒரே ஒரு மெஷின். ஆர்டர் வந்ததிலிருந்து துணி வெட்டி, தைத்து, செக்கிங் முடித்து, பெட்டி கட்டி லாரி ஏற்றுகிற வரைக்கும் எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்கிற சாப்ட்வேர் அதில்தான் ஓடியது. அதை எழுதிக்கொடுத்த ஆள் எப்போதோ வெளிநாடு போய்விட்டார், போன் போட்டால் எடுப்பதில்லை. அதனால் அதைப் பிரித்துக் கழற்றி இன்னொரு இடத்தில் மாட்ட வழியில்லை. தூக்கினால் மொத்தமாகத்தான் தூக்க வேண்டும்.

மெஷின் என்றேனே, நிஜத்தில் அது மெஷினும் இல்லை. சர்வர் என்கிற பெரிய பெட்டிக்குள்ளே ஓடுகிற பொய்க் கம்ப்யூட்டர். வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். தொட்டுப் பார்க்க அதற்கு உடம்பு கிடையாது. டிஸ்க்கில் கிடக்கிற ஃபைல்தான் அதன் உடம்பு. அந்த ஃபைலைத் தகுந்தபடி மாற்றி கிளவுடில் ஏற்றிவிட்டால், எங்கேயோ இருக்கிற யாருடைய கம்ப்யூட்டரிலோ நம் மெஷின் கண் விழித்துக்கொள்ளும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

கோயம்புத்தூரில் எனக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. ஜன்னல் வைத்த ஆபீஸ். சிரிக்காதீர்கள், என்னுடைய சர்வர் ரூமைப் பார்த்திருந்தால் தெரியும். கட்டிங் செக்‌ஷனுக்கும் செக்கிங் செக்‌ஷனுக்கும் நடுவே பிளைவுட் அடித்து மறைத்த ஒரு பொந்து. ஏசி தண்ணீர் சொட்டும், கீழே ஒரு வாளி வைத்திருப்பேன். வெயிலா மழையா என்று தெரிந்துகொள்ள வெளியே வந்துதான் பார்க்க வேண்டும். ராஜினாமா கடிதத்தை முதலாளியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

முதலாளி நல்ல மனுஷர். அதுதான் என் தலைவலியே. கெட்டவராக இருந்திருந்தால் இரண்டாம் மாதமே ஓடியிருப்பேன். கடிதத்தைப் படித்து, மடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இரு கண்ணு. நான் தடுப்பனா? அந்த சர்வர் வேற கெழடாயிருச்சு, கத்துது. அதை மட்டும் மேலே ஏத்திட்டுக் கெளம்பு. அன்னைக்கே ரிலீவிங் லெட்டர் உங்கையில."

"சரீங்கய்யா" என்றேன். வேறென்ன சொல்வேன்? எங்கள் பக்கத்துப் பேச்சில் 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்வது வழக்கமே இல்லை. முடியாததற்கும் "பாக்கலாமுங்க" என்றுதான் சொல்வோம். கோயம்புத்தூர்க்காரர்களோ அந்த லெட்டர் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒரு தடவை தேதி தள்ளிக் கொடுத்தார்கள். இரண்டாவது தடவை, "அடுத்த திங்கக்கிழமை மேடம், அதுக்கு மேல வெயிட் பண்ண முடியாது" என்றுவிட்டார்கள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

கிளவுடில் கம்பெனி பெயரில் கணக்குத் திறந்தேன். ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் ஒரு போனுக்கு ஆறு இலக்க எண் வரும், அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். எந்த நம்பரைக் கொடுக்கட்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். "மெசேஜெல்லாம் நான் எங்க கண்ணு பாக்கறேன்? உன் நம்பரையே போட்டுரு." போட்டேன். அவசரத்தில் இருந்தவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

இப்போது பூஜைக் காப்பி பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆயுத பூஜை என்றால் எங்கள் கம்பெனியில் தையல் மெஷினிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம் குங்குமம்தான். சர்வருக்கும் மாலை போடுவோம். நான் சேர்ந்த வருஷம், பூஜை முடிந்ததும் முதலாளி கேட்டார். "நல்ல நாளாச்சே கண்ணு, இதை அப்படியே ஒரு காப்பி எடுத்து வெச்சுரலாமா?" முழுக் காப்பி எடுக்க டிஸ்க்கில் இடம் இல்லை. இடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் ஸ்னாப்ஷாட் என்று ஒன்று விழும், அதைத் தட்டிவிட்டு "எடுத்தாச்சுங்கய்யா" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அதிலிருந்து வருஷா வருஷம் அது ஒரு சடங்காகிவிட்டது. தேங்காய் உடைப்பார், நான் பட்டனைத் தட்டுவேன். பழசை அழிக்கலாமா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "பூஜை போட்டதை அழிப்பாங்களா அம்மணி?" என்று பதறிவிட்டார்.

ஸ்னாப்ஷாட் காப்பி இல்லை. அது அன்றைக்கு இருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு நடக்கிற மாற்றத்தை மட்டும் புது ஃபைலில் எழுதும். அடுத்த வருஷம் அதையும் நிறுத்திவிட்டு இன்னொரு ஃபைல். ஒன்று இல்லாமல் அடுத்தது இல்லை. நடுவில் ஒன்று கெட்டுப்போனால் அதற்குப் பின்னால் உள்ளது அத்தனையும் போச்சு. இரண்டாம் வருஷமே எனக்கு இது தெரியும். ஆனாலும் பட்டனைத் தட்டினேன். மற்ற கம்பெனிக்காரர்களிடம் முதலாளி, "எங்ககிட்ட பத்து வருசத்துக் காப்பி இருக்குதுங்க" என்று பெருமையடிக்கும்போது பக்கத்தில் நின்று தலையாட்டினேன். போன அக்டோபரில் பதினோராவதையும் போட்டாயிற்று.

புதன்கிழமை ஃபைலை மாற்றி ஏற்ற ஆரம்பித்தேன். ஒரு பகல் முழுக்க ஏறியது. வியாழக்கிழமை மத்தியானம் 'இம்போர்ட் முடிந்தது' என்று வந்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஓடிப்போய் முதலாளியைக் கூட்டிவந்தேன். மேலே மெஷின் கண் விழித்தது. சாப்ட்வேர் திறந்தது. உள்ளே இருந்த கடைசி ஆர்டர், பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஆர்டர்.

ஏற்றிய ஃபைலின் பெயரைத் திரும்பப் பார்த்தேன். மாற்றுகிற புரோகிராமுக்கு ஸ்னாப்ஷாட் சங்கிலியில் கடைசி ஃபைலைக் காட்டியிருந்தால் அதற்கு முந்தையது எல்லாவற்றையும் கோத்து ஒன்றாக்கியிருக்கும். அவசரத்தில் நான் முதல் ஃபைலைக் காட்டியிருக்கிறேன். முதல் ஆயுத பூஜை அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

முதலாளிக்கு அது புரியவில்லை. "அட, மொதப் பூஜைக் காப்பியா! எவ்வளவு பத்திரமா இருக்குது பாத்தியா?" என்று குனிந்து பார்த்தார். பார்த்தவர் ஸ்கிரீன் ஓரத்தில் விரலை வைத்தார். "அதென்ன கண்ணு, உம்பேருல ஒரு லெட்டரு?"

பிற்பாடு அழித்துவிட்டு நான் சுத்தமாக மறந்துபோன ஒன்று. திறக்கச் சொன்னார், திறந்தேன். இங்கிலீஷில் நாலே வரி. சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், ஒரு மாதத்தில் விடுவிக்கவும். தேதியைப் பார்த்தால், வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம்.

எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். "அப்பவே போறேன்னு எழுதியிருக்கியே. ஏங் கண்ணு குடுக்கல?"

ஏன் கொடுக்கவில்லை? கொடுக்க நினைத்த அன்றைக்கு நேரே வந்து, "சாப்டியா கண்ணு, மொகம் வாடியிருக்குதே" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பதினோரு வருஷம் கொடுத்திருக்கிறேன் என்று அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் பெரிது. "மறந்துட்டேனுங்கய்யா" என்றேன்.

முதல் ஃபைல் போல இல்லை, மெஷின் எழுதிக்கொண்டிருக்கிற கடைசி ஃபைலை எடுக்க அதை நிறுத்தியாக வேண்டும். ஷிப்மெண்ட் நேரம், ஞாயிறு தவிர மெஷினை நிறுத்த விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், கோத்ததை எழுதிவைக்க ஒரு புது டிஸ்க்கோடு போனேன். வாட்ச்மேன் என்னை உள்ளே விட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். முதலாளி முன்பே வந்து ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருத்தி இதற்கு மேல் எப்படி அடைபட முடியும்?

மெஷினை நிறுத்தப் போனபோது அவர் சாவகாசமாகச் சொன்னார். "பயப்படாதே. இது போனாலும் பதினோரு காப்பி இருக்குதே."

அப்போதுதான் சொன்னேன். கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "காப்பியே இல்லீங்கய்யா. ஒண்ணுகூட இல்ல. இது போனா எல்லாமே போச்சுங்க. பத்து வருசமா உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கேன்."

திட்டுவார், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவார் என்று காத்திருந்தேன். "சரீங்க. ஆரம்பிங்க" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். நாலு அறை அறைந்திருக்கலாம்.

இந்தத் தடவை கடைசி ஃபைலைக் காட்டினேன். மூன்று தடவை சரிபார்த்துவிட்டுக் காட்டினேன். எண் நகர்ந்தது. பத்து, இருபது, முப்பது சதவீதம். நாற்பத்தாறில் நின்றது. நின்றது நின்றதுதான். டிஸ்க் உள்ளே 'கிர்ர்' என்று தேய்ந்தது. நடுவில் ஏதோ ஒரு வருஷத்துப் பூஜை படிக்க வராமல் மக்கர் பண்ணுகிறது. இந்தக் கம்பெனியில் முந்நூறு பேர் நாளைக் காலையில் எந்த ஆர்டரைத் தைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள், என் ஒரு பொய்யால். பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். முதலாளி வேண்டிக்கொண்டாரா தெரியாது, கண்ணை மூடியிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, என்ன நினைத்ததோ, நாற்பத்தேழு என்று காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை இன்டர்நெட் லைனில் வேறு யாரும் இல்லாததால் கோத்த ஃபைல் மளமளவென்று ஏறி, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மேலே மெஷின் எழுந்தது. முந்தின நாள் கட்டிய பெட்டி வரைக்கும் இருந்தது. ஒரு பேக்கிங் லிஸ்ட்டை அச்செடுத்து நீட்டினேன். அவர் வரி வரியாகப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ரிலீவிங் லெட்டரை எடுத்துக் கொடுத்தார். "நல்லா இருங்க" என்றார். காலில் விழலாமா என்று தோன்றியது. விழவில்லை. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் ஓவென்று அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

கோயம்புத்தூர் ஆபீஸில் ஜன்னல் இருக்கிறது. வெளியே ஒரு வேப்பமரம். ஆனால் தினமும் காலை எட்டரைக்கு, பஸ்ஸில் இருந்தாலும் சரி, என் போனில் ஆறு இலக்க எண் ஒன்று வந்து விழும். வாடகை மிச்சம் பிடிக்க ராத்திரி கிளவுடு மெஷினை நிறுத்திவிட்டு, காலை ஷிஃப்டுக்கு மறுபடி போடுகிறார்கள். கதவு திறக்க அந்த எண் வேண்டும். பின்னாலேயே போன் வரும். எனக்குப் பதிலாகச் சேர்ந்த பெண்தான். "அக்கா, நம்பர் சொல்லுங்கக்கா." சொல்வேன். நம்பரை மாற்ற அஞ்சு நிமிஷம் போதும். எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "பாக்கலாமுங்கக்கா, அய்யாகிட்டக் கேக்கறேன்" என்பாள். ஒரு நாள் மருதமலையில் போன் சிக்னல் இல்லாமல் போய், அங்கே தையல் செக்‌ஷன் முழுக்க ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்தப் பொந்திலிருந்து வந்துவிட்டேன் என்று யார் சொன்னது?

ஒரு நாள் எட்டரைக்குக் கூப்பிட்டது போக, மத்தியானமும் கூப்பிட்டாள். அன்றைக்கு அவள் குரல் உற்சாகமாக இல்லை.

"அக்கா, அய்யா ஒத்துக்கிட்டாங்க. உங்க நம்பரை எடுத்துட்டு எந்நம்பரைப் போட்டுக்கச் சொல்லிட்டாங்க. இப்ப வர்ற நம்பரைச் சொன்னீங்கன்னா மாத்திரலாமுங்க."

குதித்திருக்க வேண்டும். போனில் எண் வந்து விழுந்தது. வாயைத் திறந்தவள், "அங்க சேந்து எத்தனை மாசமாச்சும்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமுங்கக்கா."

"லெட்டர் ஏதாச்சும் எழுதி வெச்சிருக்கியா?"

"உங்களுக்கு எப்படிங்கக்கா தெரியும்?" என்றாள். "குடுக்கலாம்னுதானுங்க போனேன். அய்யா சாப்டியான்னு கேட்டாங்க."

"நம்பரை மாத்த வேண்டாம். உன்னோடதைப் போட்டா நீயும் மாட்டிக்குவே, என்னோடதே இருக்கட்டும். நீ அந்த லெட்டரை இன்னைக்கே கொண்டுபோய்க் குடு. அவரு என்ன கேட்டாலும் 'சாப்டேனுங்கய்யா'ன்னு சொல்லிட்டுக் குடு."

பிறகும் ஒரு மாதம் அவள்தான் கூப்பிட்டாள். வழக்கம்போல் நம்பரைக் கேட்பாள், சொல்வேன், வைத்துவிடுவாள். லெட்டரைப் பற்றி நானும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை எட்டரைக்கு எண் வந்தது. பின்னாலேயே போனும் வந்தது. புதுக் குரல்.

"அக்கா, வணக்கமுங்க. நம்பர் உங்களுக்குத்தான் வரும்னு சொன்னாங்க."

சொன்னேன்.