மிர்த்தாவின் பருப்புத் தீனி

மிர்த்தா லெஸ்கானோவின் கடையில் எது விற்றது என்பதைவிட எது இல்லை என்பதற்குத்தான் மரியாதை. தராசுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை தொங்கும். யாராவது ஒன்றைக் கேட்டு அது கடையில் இல்லையென்றால், "இல்லை" என்று சொன்ன கையோடு அட்டையில் எழுதிவிடுவார். கேட்டவர் பெயர் வேண்டாம். என்ன கேட்டார், எதற்குக் கேட்டார், அவ்வளவுதான். புவெனஸ் ஐரிஸில், எங்கள் லா பத்தெர்னால் பேட்டையில், இதைவிட நம்பகமான சந்தை நிலவரம் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

தீவனக் கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பறவைத் தானியம், முயலுக்கு உலர்புல், பூனை மண், வாய் திறந்த சாக்குகளில் நாய்த் தீனி. மூட்டையாக வாங்க வசதியில்லாதவர்கள் கிலோவாக அள்ளிக்கொண்டு போவார்கள். மிர்த்தாவுக்கு ஐம்பத்தொரு வயது. கடைக்கு முன்பு பதினாலு வருடம் ஒரு தீவன ஆலையின் கலவைப் பிரிவில் நின்றவர். ஆலை மூடியபோது கிடைத்த தொகையில் இந்தக் கடையைப் போட்டார். கணவர் அன்செல்மோ நகரப் பேருந்து ஓட்டுநர்.

"கோழி கலக்காத நாய்த் தீனி இருக்கா?" இந்தக் கேள்வி அட்டையில் முதலில் ஏறியது மூன்று வருடத்துக்கு முன்னால். நாய்க்குத் தோல் அரிப்பு, மாட்டிறைச்சியும் ஆகவில்லை, கோழியும் ஆகவில்லை. அப்படி ஒரு கூட்டம் வந்துகொண்டே இருந்தது. அடுத்து வந்தவர்கள் இளவட்டங்கள். தாங்கள் இறைச்சியை விட்டுவிட்டார்கள், சமையலறையில் நாயின் மூட்டையைத் திறந்தால் இறைச்சி வாடை வருகிறது, அதற்கு ஒரு வழி வேண்டும் என்றார்கள். மூன்றாவது கூட்டத்தை மிர்த்தாவே எதிர்பார்க்கவில்லை. கறித்துண்டும் அரிசியும் சேர்த்து வேகவைத்து நாய்க்குப் போட்டுவந்த வீடுகள். கறி விலை ஏறிய ஏற்றத்தில், தங்களுக்கே அளந்து வாங்கவேண்டிய நிலை. "பயறுல செஞ்சது ஏதாவது வந்திருக்கா தோன்யா மிர்த்தா?" என்று, மரியாதைக்குத் தோன்யா சேர்த்து, கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதாகத் தொலைக்காட்சியில் பார்த்தார்களாம். இருந்தது உண்மைதான். வெளிநாட்டிலிருந்து பளபளக்கும் பையில் வந்தது. அந்த விலையை எங்கள் பேட்டையில் உரக்கச் சொல்லவே கூச்சமாக இருக்கும்.

ஒரே குளிர்காலத்தில் நாற்பத்து மூன்று பேர் கேட்டார்கள்.

"நாப்பத்தி மூணு பைத்தியம்னு எழுது, கிழவி" என்றார் அன்செல்மோ. இருவரும் ஒருவரையொருவர் கிழவி, கிழவா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், கல்யாணமான வருடத்திலிருந்தே.

"பைத்தியம் வளத்தாலும் நாய்க்குப் பசிக்கும்ல, கிழவா? நானே செய்யப்போறேன்."

செய்யத் தெரிந்தவர்தான். பட்டாணி, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, அரிசி, ஈஸ்ட், ஆளிவிதை எண்ணெய். இறைச்சியில் தானாக இருந்து பயறில் இல்லாத சத்துகள் சில உண்டு. நாயின் இதயத்துக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று. அவற்றைத் தனியே அளந்து சேர்க்கவேண்டும். அந்த அளவுகள் கலவைப் பிரிவில் நின்ற காலத்திலிருந்தே அவருக்கு மனப்பாடம். இல்லாதது எந்திரம் மட்டும். அது ஊருக்கு வெளியே கோழித் தீவன மில் வைத்திருக்கும் தோன் எவாரிஸ்டோவிடம் இருந்தது. சோதனைக்கு என்று இருநூறு கிலோ அரைத்துச் சுட்டுக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"டாக்டர் ஒருத்தர் எழுத்துல குடுக்கட்டும், மூணு டன் ஓட்டறேன். டிசம்பர் மொத வாரம் வரைக்கும் எந்திரம் சும்மா இருக்கும். அப்புறம் முயல் தீவனக்காரங்க வந்துடுவாங்க, மார்ச் வரைக்கும் அவங்களோடதுதான்."

மார்ச் வரை பொறுத்தால் நாற்பத்து மூன்று பேரும் வேறு எங்காவது போய்விடுவார்கள் என்று மிர்த்தாவுக்குத் தெரியும். பெரிய கடைகளின் காதிலும் அதே கேள்வி விழுந்துகொண்டுதானே இருக்கும்?

இரண்டு தெரு தள்ளிக் கால்நடை மருத்துவம் பார்க்கும் பியா கோயெனேச்சேவிடம் போனார். பியாவுக்கு முப்பத்தெட்டு வயது. சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லும் வகை.

"பருப்பு மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா நான் பாக்காம எழுத மாட்டேன். அரிப்பு இருக்கிற ஆறு நாய். எட்டு வாரம். உங்க தீனி, தண்ணி, வேற ஒண்ணும் வாய்ல படக்கூடாது. ஒரு பிஸ்கட் கூட."

செப்டம்பர் முதல் திங்களன்று ஆறு நாய்கள் தொடங்கின. ஆறு வீட்டிலும் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆறாவது வீடு மிர்த்தாவின் வீடுதான். அவருடைய கனேலாவும் காதைப் பிறாண்டிக்கொள்ளும் நாய்.

சனிக்கிழமைதோறும் மிர்த்தா வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். செவ்வாய்தோறும் ஆறு நாய்களும் பியாவிடம் வந்தன. மூன்றாவது வாரத்தில் சனிக்கிழமைக் கணக்குப்படி நான்கு நாய்களின் தோலில் சிவப்பே இல்லை. ஐந்தாவது வாரச் செவ்வாயன்று பியா கைபேசியில் கூப்பிட்டார்.

"மிர்த்தா, நிறுத்திடலாம். ஒண்ணும் ஆகல. அந்த பாக்ஸர் நாய் பொரோத்தோ, கழுத்துல ரத்தம் வர்ற அளவுக்குச் சொறிஞ்சிருக்கு."

"மூணு நாளைக்கு முன்னாடி நான் தடவிப் பாத்தேன் டாக்டர். கழுத்து பட்டு மாதிரி இருந்துச்சு."

"ஆசைப்பட்டதுதான் கண்ணுக்குத் தெரியும்."

அந்த வார்த்தை சுட்டது. சாயங்காலம், கனேரிக் குருவிக்குத் தினைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மிர்த்தா அப்படியே நின்றுவிட்டார். தானும் பொய் சொல்லவில்லை, பியாவும் பொய் சொல்லவில்லை. தான் பார்ப்பது சனிக்கிழமை, பியா பார்ப்பது செவ்வாய்க்கிழமை. நடுவில் இருப்பது என்ன?

அடுத்த ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், சிச்சே மால்விசினோவின் வீட்டுக் கதவைத் தட்டினார். சிச்சே டயர்க் கடையிலிருந்து ஓய்வுபெற்றவர். பொரோத்தோ என்ற பாக்ஸர் நாய் அவருடையது. பொரோத்தோ என்றால் பயறு என்று பொருள். பேட்டையே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து முடித்திருந்தது. முற்றத்துச் சுவருக்கு மேலே கறி சுடும் புகை போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் மேசையில். மேசைக்கடியில் பொரோத்தோ, முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு விலா எலும்போடு.

"சிச்சே, வேற எதுவும் குடுக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டீங்க."

"குடுக்கலையே தோன்யா. எங்கம்மா மேல சத்தியம். உங்க தீனி மட்டும்தான்."

"அப்ப அது வாய்ல இருக்கிறது?"

சிச்சே குனிந்து பார்த்தார். உண்மையாகவே குழம்பினார். "இதுவா? இது சாப்பாடு இல்லையே. இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

அடுத்து நான்கு வீடுகள். ஒரு வீட்டில் கொழுப்புத் துண்டு, ஒரு வீட்டில் குடல், ஒரு வீட்டில் மாமியார் ஒளித்துக் கொடுத்த தொத்திறைச்சி. மாணவன் லௌதாரோ இறைச்சி தொடாதவன். ஆனால் ஞாயிறு அப்பா வீட்டுக்கு நாயோடு போவான். யாரும் ஏமாற்றவில்லை. நெருப்பு மூட்டி உறவெல்லாம் கூடும் அன்று நாய்க்கு ஒரு துண்டு போவதை எங்கள் ஊரில் யாரும் தீனிக் கணக்கில் சேர்ப்பதில்லை. விருந்தாளிக்கு நாற்காலி போடுவது மாதிரி அது.

நான்கு மணிக்குத் தன் வீட்டுக்கு வந்தார். அன்செல்மோ அடுப்புக் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கனேலா உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"கிழவா."

"நான் ஒண்ணும் குடுக்கல." கொஞ்சம் யோசித்தார். "ஓரத்துக் கொழுப்பு, இத்துனூண்டு. அதுவும் ஞாயித்துக்கெழம மட்டும்."

மிர்த்தா கத்தவில்லை. "ஊர்ல இருக்கிற அஞ்சு வீட்டையும் கேட்டுட்டு வர்றேன். ஆறாவது திருடன் எங்கூட படுத்துத் தூங்குறான்" என்று மட்டும் சொன்னார்.

திங்கள் காலை முதல் ஆளாகப் பியாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வீட்டையும் மறைக்கவில்லை, தன் வீடு உட்பட.

"அப்ப கறிதான் அரிப்புக்குக் காரணம்னு தெரிஞ்சுபோச்சே" என்றார் மிர்த்தா.

"அப்படித் தோணுது. தோணுறத வச்சு நான் எழுத மாட்டேன். சுத்தமா எட்டு வாரம் வேணும்."

மிர்த்தா சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். அன்றிலிருந்து எண்ணினால் எட்டாவது ஞாயிறு டிசம்பருக்கு முந்திய நாள். எந்திரத்துக்கு அதற்கப்புறம் அந்த ஒரு வாரம்தான் மிச்சம்.

"இன்னிக்கே ஆரம்பிக்கலாம்."

"எட்டு ஞாயித்துக்கெழம, மிர்த்தா. அதிபரே டிவில வந்து சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

"அத நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போது அவருக்குத் தெரியாது. புதன்கிழமை விடுமுறையில் அன்செல்மோவை அடுப்பு மூட்டச் சொன்னார். இரண்டு பேருக்கு எதற்கு நெருப்பு என்று முனகிக்கொண்டே அவர் மூட்டினார். மிர்த்தா சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அன்செல்மோ கறியைத் திருப்பினார், நறுக்கினார், தட்டில் வைத்தார், பக்கத்து வீட்டுக்காரரோடு கால்பந்து பேசினார். பேசிக்கொண்டே, நாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவர் கை ஒரு துண்டை எடுத்துக் கீழே நீட்டியது; நாயின் வாய்க்குப் போகுமுன் மிர்த்தா அதைப் பிடுங்கிக்கொண்டார். கனேலாவுக்கு அப்போதுதான் சாப்பாடு போட்டிருந்தது. அது கேட்கவேயில்லை. கொடுக்கவேண்டியிருந்தது கைக்குத்தான்.

அப்படியென்றால் கையில் ஏதாவது இருக்கவேண்டும். பருப்பும் பூசணியும் அரைத்து, விலா எலும்பு நீளத்துக்கு உருட்டி, காயவைத்துச் சுட்டார். சனிக்கிழமை அன்செல்மோ நெருப்பில் வைத்துப் பார்த்ததும் அது உடைந்து கம்பிகளுக்கு நடுவே சாம்பலில் விழுந்தது.

"செத்துப்போச்சு. ஜெபம் பண்ணவா?" என்றார் அன்செல்மோ.

"பண்ணு. அதுக்குள்ள நான் அடுத்தத உருட்டறேன்."

ஊறவைத்த ஆளிவிதையின் வழவழப்பைச் சேர்த்ததும் பிடித்துக்கொண்டது. பியாவிடம் காட்டி, சேர்மானம் சொல்லி, சரி என்று கேட்டுக்கொண்ட பிறகு மூன்று தட்டு சுட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் ஆறு வீட்டுக்கும் ஆளுக்குப் பத்துக் குச்சிகள் போய்விட்டன. கூடவே ஒரே ஒரு விதி: அடுப்பின் ஓரத்தில், கறிக்கொழுப்பு சொட்டாத மூலையில் வைக்கவேண்டும். எடுக்கத் தனி இடுக்கி. நாய்க்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் கொடுக்கலாம், இதை மட்டும்.

"புகை வாடை வருது தோன்யா" என்றார் சிச்சே, குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "இத எம் மச்சானுக்கு வச்சாலும் தின்னுடுவான்."

"மச்சானுக்கு அரிப்பு இருந்தா வைங்க."

எட்டு ஞாயிறுகளிலும் மிர்த்தா சுற்றினார். மழை பெய்த ஞாயிறும் அதில் ஒன்று. தொத்திறைச்சி ஒளித்துக் கொடுத்த மாமியாரின் வீட்டில், சாப்பாடு முடியும்வரை அந்த அம்மாளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கையில் தானே குச்சிகளை வைத்துக்கொண்டிருந்தார். நடுவில் வேறொன்று நடந்தது. சோதனையில் இல்லாத வீடுகளிலிருந்து குச்சி கேட்டு வரத் தொடங்கினார்கள். அன்செல்மோவின் பேருந்துப் பணிமனையில் மட்டும் பதினொரு பேர். இவர்கள் தோல் அரிப்புக்கோ இறைச்சி வாடைக்கோ வந்தவர்கள் இல்லை, அட்டையில் ஏறிய மூன்றாவது கூட்டத்தைப் போன்றவர்கள். கறி விலையில் நாயின் பங்கு போய்விட்டது, ஆனாலும் ஞாயிறன்று வெறுங்கையோடு நிற்க முடியவில்லை.

டிசம்பர் முதல் தேதி, திங்கள். பியா ஆறு நாய்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் ஏற்றினார். காது, கழுத்து, விரலிடுக்கு, வயிறு. எடை. ரத்தச் சோதனைத் தாள்கள். ஐந்து நாய்களுக்குத் தோல் ஆறியிருந்தது. பொரோத்தோவின் கழுத்தில் முடி முளைத்திருந்தது. லௌதாரோவின் நாய்க்கு ஒரு மாற்றமும் இல்லை. அதன் அரிப்புக்கு உணவு காரணமில்லை என்றார் பியா. பிறகு உட்கார்ந்து எழுதினார்: இறைச்சி ஒவ்வாத வளர்ந்த நாய்களுக்கு ஏற்றது, ஆறில் ஐந்து தேறின, குட்டிகளுக்கும் சினை நாய்களுக்கும் கொடுக்கவேண்டாம்.

மிர்த்தா அங்கிருந்தே கைபேசியில் எவாரிஸ்டோவுக்குப் படித்துக் காட்டினார்.

"நல்லது" என்றார் எவாரிஸ்டோ. "பைல 'எல்லா நாய்க்கும்'னு போட்டுடறேன். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. ரெண்டு மடங்கு போகும்."

"டாக்டர் எழுதினதுதான் பைல வரணும். குட்டிக்கு வேண்டாம்னு முன்பக்கத்துல."

"தன் சரக்க வாங்காதேன்னு முன்பக்கத்துல போடற ஆள நான் பாத்ததில்ல. முயல்காரங்க நாளைக்கே வரத் தயார், தெரியும்ல?"

பியா மேசையைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"வரட்டும் தோன் எவாரிஸ்டோ. குட்டி ஒண்ணு வளராம நோஞ்சானா போச்சுன்னா, அத தூக்கிக்கிட்டு எங்கடைக்குத்தான் வருவாங்க. உங்க மில்லு எந்தப் பக்கம்னுகூட அவங்களுக்குத் தெரியாது. நான் அங்க தினமும் நிக்கணும். இத போடாம ஒரு பை கூட எங்கடைக்குள்ள வராது. மார்ச் வரைக்கும் காத்திருக்கேன், பரவால்ல."

மறுமுனையில் யாரையோ எவாரிஸ்டோ அதட்டுவது கேட்டது. பிறகு:

"எழுத்து எவ்வளவு பெருசு வேணும்?"

"தீனி பேரு எவ்வளவு பெருசோ அவ்வளவு."

"பிடிவாதக்காரி நீங்க."

"எத்தன மணிக்கு வரட்டும்?"

"புதன்கெழம ஆறு மணிக்கு. பட்டாணிய நீங்களே வந்து பாத்துக்கங்க, அப்புறம் ஈரம்னு எம்மேல சொல்லாதீங்க."

புதன்கிழமை ஐந்தரைக்கே மிர்த்தா மில் வாசலில் நின்றார். முதல் மூட்டையின் தையலைத் தானே பிரித்து, பட்டாணியில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. இரண்டாவது மூட்டையும் காய்ந்திருந்தது. மூன்றாவது லேசாகப் பிசுபிசுத்தது. அதை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, "இப்ப ஓட்டுங்க" என்றார்.