பூஜைக்கு அடித்த பெயிண்ட்

ஹவுராவில் நான் வேலை பார்த்த பட்டறையின் முதலாளிக்கு, தொட்டால் ஜில்லென்று இருப்பதெல்லாம் நல்ல சாமான். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் கடைசி. லோட்ஷெடிங்கில் கரண்ட் போய் ஊரே இருட்டில் கிடந்தது. நாங்கள் எமர்ஜென்சி விளக்கு செய்தோம். தூசியும் கரப்பானும் நுழையாதபடி முழுக்க மூடிய தகரப் பெட்டி. காற்றாடி வைக்க உள்ளே இடமில்லை. அதனால் சூடாகும் டிரான்சிஸ்டரை, பெட்டியின் முதுகில் சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினிய ஹீட்ஸிங்கோடு ஒட்ட வைத்து முடுக்குவோம். சூடு அதன் வழியே வெளியே போய்விடும். முடுக்குவதும் சோதிப்பதும் என் வேலை. அதற்காகத்தான் டிப்ளமா படித்திருந்தேன்.

விஸ்வகர்மா பூஜை வந்தால் மெஷின் முதல் கேட் வரை எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். அந்த வருஷம் ஹீட்ஸிங்குக்கும் அடிக்கச் சொன்னார் முதலாளி. டிரான்சிஸ்டர் உட்காரும் இடத்தையாவது விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"பூஜையும் அதுவுமா எதுவும் மொட்டையா நிக்கப்படாது" என்றார்.

அப்பாவுக்குத் தெரிந்தவர் அவர். வெளியே மாமா, பட்டறையில் சார். சாரிடம் அதற்கு மேல் வாயாட முடியவில்லை.

பூஜை முடிந்ததும் கரியாஹாட் கடைகளிலிருந்து பெட்டிகள் செத்துத் திரும்பி வந்தன. பட்டறை நடுவே எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்து, என் கை வியர்வைதான் டிரான்சிஸ்டரைக் கெடுத்தது, சனிக்கிழமையோடு நின்றுகொள் என்றார். வேலை தெரியாதவள் என்று பெயர் கட்டிவிட்டால் ஹவுராவில் வேறு எந்தப் பட்டறை என்னைச் சேர்க்கும்?

மறுநாள் இரண்டு பெட்டிகளை எரியவிட்டு அவர் அறைக்கு எடுத்துப் போனேன். ஒன்றில் மட்டும் டிரான்சிஸ்டருக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டியிருந்தேன். அவர் இரண்டின் முதுகையும் தொட்டார். சுரண்டியது கொதித்தது. சுரண்டாதது ஜில்லென்று இருந்தது. இதுதான் நல்ல பெட்டி என்று அதைத் தட்டிக் கொடுத்தார். நான் அதன் மூடியைத் திறந்து, உள்ளே டிரான்சிஸ்டரைத் தொடச் சொன்னேன். தொட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டார். பெயிண்டைத் தாண்டிப் போக முடியாமல் சூடு முழுக்க உள்ளேயே வெந்துகொண்டிருந்தது.

"சரி சரி, போய் வேலையைப் பாரு" என்றார்.

நான் நகரவில்லை.

"அங்க சொன்னதை அங்கேயே வந்து இல்லேன்னு சொல்லுங்கோ, மாமா."

வந்தார். பெட்டிகளில் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை, பெயிண்ட் அடித்தவன் கண்ட இடத்தில் பூசிவிட்டான், அவனுக்கு இனி இங்கே வேலையில்லை என்று வங்காள மொழியில் அறிவித்தார்.

பெயிண்டர் பிரஷ்ஷும் கையுமாக மூலையில் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மடங்கு வயது. எனக்குக் கண்மண் தெரியவில்லை. பூசச் சொன்னது நீங்கள்தான், வேண்டாம் என்றவள் நான் என்று எல்லோருக்கும் புரியும்படி வங்காளத்திலேயே கத்தினேன். பெயிண்டர் ஓடி வந்து கைகூப்பினார்.

"சும்மா இருங்க தீதி, சாயங்காலம் போய் அவர் காலில் விழுந்து கேட்டுக்கறேன். நீங்க பேசினா அதுவும் போயிடும்."

வாயை மூடிக்கொண்டேன். என் வேலை எனக்குத் திரும்பக் கிடைத்தது. பெயிண்டர் மறுநாள் வரவில்லை.