நிமிர்ந்து நின்ற கதிர்கள்

வெண்ணாற்றங்கரையில், நெல் குடோனின் நெடுஞ்சுவர் முழுக்கப் புதிதாக ஓவியம் வரைந்திருக்கிறார்கள். மூன்று மாடி உயரத்துக்குப் பொன்னிற வயல். கதிரெல்லாம் விறைப்பாக வானத்தைப் பார்த்து நிற்கிறது. வரைந்தவர் விளைந்த வயலையே பார்த்ததில்லை போலும்.

"எவ்வளவு அழகா நிமிந்து நிக்குது பாருங்கம்மா!" என்றாள் மகள்.

எனக்கு எட்டு வயதில், ஆற்றில் தண்ணீர் வராத வருஷம், நானும் வரப்பில் நின்று அப்பாவிடம் இதையேதான் சொன்னேன். அவர் ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். அத்தனையும் பதராகப் பறந்தது. மணி பிடித்திருந்தால் அந்தக் கனத்துக்குக் கதிர் தலை சாய்ந்திருக்கும். அப்பா வெறும் கையை மறுபடியும் ஊதினார்.

"அம்மா, சிரிங்க" என்று மகள் போனைத் தூக்கினாள். அந்த வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தேன்.