பிரிக்பீல்ட்ஸில் ஒரு பொய் உபவாசம்

அந்த நாட்களில், ரயில்வேக்காரர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நாங்கள் சிலர், ரயில்வே கிளார்க்குகள், வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வீடு முறைவைத்து ஜெபக்கூட்டம் நடத்தினோம். ஜெபம் முடிந்ததும் காப்பி வரும். ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில் நின்று பாடும் நண்பர் ஒருவர் தண்டவாள வேலைக்காரர். அவரும் ஒரு வாரம் தம் வீட்டில் நடத்த வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அவர் வீட்டில் புதுப்பாய் விரித்திருந்தார்கள். மனமுருகி ஜெபித்தோம். காப்பி வந்தபோது என் கை நீளவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பின்னும் சாதி என்னை விட்டுப் போயிருக்கவில்லை.

"இன்னைக்கு எனக்கு உபவாசம்," என்றேன்.

"எங்களுக்கும்தான்," என்றார்கள் மற்றவர்கள்.

அவர் முகம் மலர்ந்தது. "முன்னமே சொல்லக் கூடாதாண்ணே? நாங்களும் சேர்ந்து இருக்கோம்," என்று மனைவியிடம் அடுப்பை அணைக்கச் சொன்னார். அன்றிரவு அந்த வீடு பட்டினி கிடந்தது.

அடுத்த வெள்ளி என் வீட்டில் நாங்கள் எல்லோரும் காப்பி குடித்தோம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம வீட்டுக்கு வந்தாத்தான் உபவாசம் வருமாண்ணே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தம் குவளையைத் தொடாமல் எழுந்து போனார்.

பிறகு கிள்ளான் ஸ்டேஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ரயிலில் எனக்கு இலவசப் பாஸ் இருந்தது. மன்னிப்புக் கேட்க நான் போகவில்லை.

இன்று அந்த நண்பர்களில் ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் தனியாக ஜெபிக்கிறேன். முடிந்ததும் காப்பி குடிக்க மனம் வருவதில்லை. அதை உபவாசம் என்று சொல்லிக்கொள்ள வாயும் வருவதில்லை.