மழையில் ஓடாத வண்டி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை தொடங்கும் சமயத்தில் நடந்தது இது. அப்போதும் இப்போதும் நான் கொடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு விடுதியில், சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு செண்பகனூரில். காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். டவுன் பஸ்ஸோ அதன் இஷ்டத்துக்குத்தான் வரும். ஒரே மாதத்தில் மூன்று நாள் தாமதமாகப் போனதில், இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் நிரந்தர வேலையிலிருந்து தினக்கூலிக்கு மாற்றிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் எங்களோடு ரூம் பாயாக இருந்தவர் தன் ஸ்கூட்டரை விற்கப் போவதாகச் சொன்னார். ரூம் பாய் என்றுதான் பெயர், ஆளுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். என்னை அக்கா என்று கூப்பிடுவார். அதிர்ந்து பேச மாட்டார். விடுதியின் அத்தனை அறைச் சாவிகளும் கோத்த பெரிய வளையம் எப்போதும் அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் வருகிறார் என்பதே சாவிச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தெரியும். விடுதிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டதால், இனி அவருக்கு வண்டி தேவைப்படவில்லை.

வண்டி பளபளவென்று இருந்தது. சீட்டில் ஒரு கிழிசல் இல்லை. நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மழையில ஓடாத வண்டிக்கா, பாத்துக்கங்க."

எனக்கு ஒரே சந்தோஷம். இந்த ஊரில் மழை படாமல் ஒருவர் வண்டி வைத்திருக்கிறார் என்றால் எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்திருக்க வேண்டும். மழை நாளில் அவர் குடையோடு பஸ்ஸில் வந்து இறங்கியதை நானே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். விலையையும் அவராகவே குறைத்துச் சொன்னார். அக்கா என்று கூப்பிடுகிற பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் வெயில். நான் ஆறே முக்காலுக்கே போய் நின்று மேனேஜருக்கு வணக்கம் வைத்தேன். அப்புறம் மழை வந்தது. வீட்டிலிருந்து கிளம்பிப் பாதி ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. என்ன உதைத்தும் அசையவில்லை. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. மறுநாள் வெயில் அடித்தது. வண்டி ஒன்றுமே தெரியாததுபோல ஓடியது. அடுத்த மழையில் மறுபடியும் அதே ஏற்றம், அதே இடம். அன்றைக்கு ஒரு பெரிய கும்பல் அறைகளைக் காலி செய்கிற நாள். விரிப்புகளை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் எல்லாம் தாறுமாறாகிவிட்டது. இனி உனக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் என்று மேனேஜர் விரலைக் காட்டிச் சொன்னார்.

எனக்கு இயல்பிலேயே கோபம் மூக்குக்கு மேல் வரும். மதியம் சமையலறைக்குப் பின்னால் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, ஈரப் புடவையோடு போய் அவர் முன்னால் நின்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். வண்டியில் கோளாறு இருப்பதை மறைத்து என் தலையில் கட்டிவிட்டார் என்றேன். கூட வேலை பார்க்கிறவளையே ஏமாற்றுகிறவர் இன்னும் யாரைத்தான் ஏமாற்ற மாட்டார் என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "நான்தான் சொன்னேனேக்கா" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஏறிக்கொண்டது. நான் திட்டி முடித்துத் திரும்பினால், வாசலில் மேனேஜர் நிற்கிறார்.

அன்று சாயங்காலமே சாவி வளையம் ரிசப்ஷனில் உள்ள இழுப்பறைக்குள் போய்விட்டது. விருந்தாளிகளின் நகையும் பணமும் கிடக்கிற அறைகளுக்கு இப்படிப்பட்ட ஆளை எப்படி அனுப்புவது என்று மேனேஜர் சொன்னாராம். அவரை வெந்நீர் பாய்லருக்கு விறகு போடும் வேலைக்கு மாற்றிவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளனே அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் கணவருக்கு வத்தலக்குண்டில் காய்கறி மண்டியில் வேலை. வாரம் ஒரு நாள்தான் மேலே வருவார். அன்றைக்கு வீட்டில் இருந்தார். வந்தவர் கையில் ஒரு கவர். "பணத்த வாங்கிக்கங்கண்ணே. வண்டிய நானே எடுத்துக்கிறேன்" என்றார்.

என் கணவர் நிதானமான மனிதர். காபியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, "அது கெடக்கட்டும் தம்பி. விக்கிறப்ப என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"மழையில ஓடாத வண்டி, பாத்துக்கங்கன்னு சொன்னேன்ணே."

நான் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தேன். "பாத்தீங்களா? அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாரு. இதச் சொல்லித்தான் என்னைய ஏமாத்துனாரு."

அவரோ என் கணவரைப் பார்த்து, "அக்காவே சொல்லுறாங்களேண்ணே, நான் சொன்னேன்னு" என்றார்.

என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்து முடித்து அவரிடம் கேட்டார்: "ஏன் தம்பி, மழையில ஓட்டுனதே இல்லன்னு சொன்னீங்களா, மழை பெஞ்சா ஓடாதுன்னு சொன்னீங்களா?"

"மழை பெஞ்சா ஓடாதுண்ணே. அதுனாலதான மழை நாள்ல பஸ்ஸுல வந்தேன். அதுனாலதான வெலையயும் கொறச்சேன். அக்கா சிரிச்சாங்க. புரிஞ்சுதான் சிரிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

நான் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். பாத்துக்கங்க என்று அவர் சொன்னது எச்சரிக்கை. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நான் தலையாட்டியிருக்கிறேன். குடை, பஸ், குறைந்த விலை எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தன. அவற்றை எனக்குப் பிடித்த மாதிரி நான் அர்த்தம் செய்துகொண்டேன்.

"அன்னைக்கே இத விளக்கமாச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க அம்புட்டு சத்தம் போடவும், நெசமாவே மறைச்சுட்டமோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஒரு மனிதனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வரும்படி கத்தியிருக்கிறேன். கவரை அவர் சட்டைப் பையிலேயே திணித்து அனுப்பினேன்.

மறுநாள் அதே மதிய நேரம், அதே சமையலறைக்குப் பின்னால், மேனேஜரையும் கையோடு கூட்டிக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். வண்டியை விற்றவர் ஏமாற்றவில்லை, நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்றேன். கதையைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜர்கூடச் சிரித்தார். ஆனால் சாவி அன்றைக்குத் திரும்பி வரவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். நான் தினமும் போய்க் கேட்டேன். என்னைப் பார்த்தாலே மேனேஜர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அந்த நாட்களில் பாய்லர் புகையில் கண் சிவந்து அந்த மனிதர் எதிரே வரும்போதெல்லாம் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு கத்தலில் போனது திரும்பி வர மூன்று வாரம் ஆனது. ஒரு காலையில் நான் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது வராந்தாவில் அந்தச் சாவிச் சத்தம் கேட்டது. மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

வண்டியை அவரும் நானுமாக ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனோம். பிளக்கின் மேலே மாட்டுகிற மூடியில் மயிரிழை விரிசல், அதன் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்றார். மூடியை மாற்றியதும் கொட்டுகிற மழையிலும் வண்டி ஓடியது. அதன் பிறகு நான் தாமதமாகப் போனதே இல்லை.

போன மாதம் அதே வண்டியை எங்கள் சலவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு விற்றேன். பெருமையாக, "மழையில ஓடுற வண்டிம்மா இது" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. "அப்ப மழையிலயே ஓடி ஓடி ரொம்ப அடிபட்ட வண்டியாக்கா?" என்று கேட்டாள்.

அவளை உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் விடவில்லை, என்ன புரிந்தது என்று அவளையே திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் சாவியைக் கையில் கொடுத்தேன். நான்கு வருடங்களுக்கு முன்பு, கத்துவதற்கு முன்னால் நானும் இப்படி ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால், ஒரு நல்ல மனிதர் மூன்று வாரம் புகையில் நின்றிருக்க மாட்டார் என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.