விழிஞ்ஞத்தில் எடுத்த குரல்கள்

2003ஆம் ஆண்டு கோடையில் பகவதிக்கு இருபத்திரண்டு வயது. எம்.சி.ஏ. இரண்டாம் ஆண்டு பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பயிற்சிக்கு இடம் கேட்டுப் பதினோரு பேருக்கு எழுதியதில் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் பதில் வந்தது. கேசவதாசபுரத்துக்கு அருகே இருந்த ஒரு பேச்சு ஆராய்ச்சிக்கூடம். எட்டு வாரம்.

அப்பா பிச்சைக்கனி தம்பானூரில் ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். ராஜாக்கமங்கலத்திலிருந்து எல்லை தாண்டி மலையாள மண்ணுக்கு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மக்களே, அங்க என்ன வேலை?"

"நாம பேசுனா புரிஞ்சுக்கிடுத மெஷின் செய்யுதாங்கப்பா."

"பேசுனா மனுஷனுக்கே புரியமாட்டேங்கு" என்று சொல்லிவிட்டு, அன்று ஹோட்டலில் எல்லோரிடமும் கடிதத்தைக் காட்டினார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அப்போது மீனவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவை தயாராகிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போகுமுன் பூத்திலிருந்து அழைத்துத் துறைமுகத்தின் பெயரைச் சொன்னால், அங்கே காற்றும் அலையும் எப்படி என்று மெஷினே பதில் சொல்லும். குரலைக் கேட்டுச் சொல்லை அறிவது நியூரல் நெட்வொர்க்கின் வேலை. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை சரியாகச் சொல்கிறது என்று அறிக்கை எழுதி, மேற்கொண்டு பணம் ஒதுக்கும் கமிட்டிக்கு அனுப்பியாகிவிட்டது. மே முப்பதாம் தேதி அவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள்.

பகவதிக்குக் கொடுத்த வேலை அந்த நாளில் காட்ட ஒரு கம்ப்யூட்டர் திரை செய்வது. "பட்டன் நாலு, ஒரு வரைபடம், அவ்வளவுதான். உள்ளே இருக்கறதைத் தொடண்டா" என்றாள் ஆஷா. ப்ராஜெக்ட் இன்ஜினியர், பகவதியைவிட நான்கு வயது மூத்தவள், ஒப்பந்த வேலையில் இருந்தவள்.

மூன்றாவது வாரம் திரை முடிந்தது. சோதித்துப் பார்க்க பகவதி தொலைபேசியை எடுத்து "விழிஞ்ஞம்" என்றாள். "பூவார்" என்றது மெஷின். மறுபடி சொன்னாள். மறுபடியும் பூவார்.

"உன் உச்சரிப்பா இருக்கும். தமிழ் வாசனை அடிக்கிறது, இல்லையா" என்றாள் ஆஷா.

ஆஷா கேலியாகச் சொல்லவில்லை. அவள் வீட்டிலும் தமிழ்தான். ஆனாலும் பகவதிக்கு முகம் சூடானது. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப்பிள்ளை என்று கேலியாக "பாண்டி" எனக் கூப்பிட்டவர்களின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர்கள் முன் வாயை மூடிக்கொண்டது போல இங்கேயும் மூடிக்கொள்ளலாம். ஆனால் இந்த முறை அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேன்டீன்காரர், வாசல் காவலாளி, ஜெராக்ஸ் எடுக்கும் பெண் என்று சுத்தமான மலையாளம் பேசும் ஆறு பேரை அழைத்துப் பேசவைத்தாள். பாதிக்கு மேல் தப்பு.

அப்போதுதான் தொடாதே என்று சொன்னதைத் திறந்து படித்தாள். மெஷினுக்குக் குரல் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள். ஒவ்வொரு சொல்லையும் ஆளுக்கு இருபது தடவை சொல்லிப் பதிவு செய்திருந்தார்கள். பதினைந்தை வைத்து மெஷினுக்குப் பழக்கம். மிச்சம் ஐந்தை வைத்துப் பரீட்சை. பரீட்சைக்கு வந்தவர்கள் எல்லோரும் மெஷின் ஏற்கெனவே கேட்டுப் பழகிய அதே பன்னிரண்டு பேர். பிறகு எப்படித் தோற்கும்?

பகவதி ஒருவர் குரலை அடியோடு ஒதுக்கிவிட்டு மற்ற பதினொரு பேரை வைத்துப் பழக்கினாள். ஒதுக்கியவர் குரலில் பரீட்சை வைத்தாள். அப்படியே பன்னிரண்டு பேருக்கும். ஒரு தடவை பழக்க ஆறு மணி நேரம் பிடித்தது. நாலு நாளில் கிடைத்த சராசரி: அறுபத்தொன்று.

ஆஷா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "இது யாரிட்டேயும் சொல்லண்டா, கேட்டியா? கமிட்டி பார்த்துட்டுப் போகட்டும், பிறகு சரியாக்கலாம். என் கான்ட்ராக்ட் ஜூன்ல முடியறது."

"வேற யாராவது போன் எடுத்துப் பேசுனா அங்கேயே தெரிஞ்சிடுமே அக்கா. காத்து இல்லாத ஊரோட பதிலைக் கேட்டுட்டு ஒருத்தர் வள்ளத்தை எறக்கிட்டா?"

ஆஷா தன் நாற்காலிக்குத் திரும்பினாள். பகவதியைத் தடுக்கவில்லை.

திட்டத் தலைவர் நாகேஸ்வரன் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர். அதிகம் பேசாதவர். அந்தப் பன்னிரண்டு குரல்களில் அவருடையதும் ஒன்று. பகவதி அவர் அறைக்குள் போய் நின்றாள்.

"சார், உங்க குரலை எடுத்துட்டு மெஷினைப் பழக்கியிருக்கேன். ஒரு தடவை பேசிப் பார்க்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். "அஞ்சுதெங்கு" என்றார்.

"விழிஞ்ஞம்" என்றது.

இன்னும் நான்கு தடவை சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சரியாக வந்தது. அவர் போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பகவதி கொண்டுபோன தாளை வாங்கி, வரிசை வரிசையாக விரல் வைத்துப் படித்தார்.

"ரெண்டு வருஷமா நாங்க யாரும் இதைப் பார்க்கலையே" என்றார் கடைசியில். "சரி. என்ன பண்ணலாம்னு நினைக்கறே?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் கையில் இருந்தது. "புதுசா அறுபது பேர் குரல் வேணும் சார். இங்க உள்ளவங்க வேண்டாம். போன் பண்ணப்போறவங்களே பேசணும். விழிஞ்ஞத்துல பூத் இருக்கு. அங்கிருந்து அவங்க பேச, இங்க பதிவு செய்யலாம்."

"நாலு வாரம்தான் இருக்கு."

"மூணு வாரத்துல எடுத்துடலாம் சார்."

இங்கே பதிவைப் பார்த்துக்கொள்ள ஆஷாவைப் போட்டார் நாகேஸ்வரன்.

முதல் நாள் விழிஞ்ஞத்தில் இரண்டு பேர்தான் பேசினார்கள். மற்றவர்கள் பேசவேண்டிய சொற்களை எழுதி அவள் நீட்டிய சீட்டைப் பார்த்ததுமே விலகிப் போனார்கள். எங்கள் குரலை எடுத்து என்ன செய்யப்போகிறாய், ஏதாவது கேஸா என்று ஒருவர் கேட்டார். மறுநாள் வலை உலர்த்திக்கொண்டிருந்த வேதமாணிக்கம் என்ற முதியவர் அவளைக் கூப்பிட்டார். குளச்சல்காரர், முப்பது வருஷமாக இங்கே தொழில்.

"பிள்ள, ஒனக்கு ஏது ஊரு?"

"அப்பாவுக்கு ராஜாக்கமங்கலம்."

"அப்ப நம்ம பக்கந்தான்." சீட்டை வாங்கிப் பார்த்தார். "இதுல வானிலைக்குக் காலாவஸ்தான்னு போட்டிருக்கே. இங்க எவன் அப்படிக் கேப்பான்? காத்து எப்பிடின்னுதான் கேப்பான்."

பகவதி அந்த இடத்திலேயே சீட்டைத் திருப்பிப்போட்டு அவர் சொல்லச் சொல்லப் புதுப் பட்டியல் எழுதினாள். மலையாளத்தில் பேசுகிறவர்கள் எப்படிக் கேட்பார்கள், தமிழில் பேசுகிறவர்கள் எப்படி என்று இரண்டு வரிசை. எழுதி முடித்ததும் வேதமாணிக்கமே பூத்துக்குள் நுழைந்து போனைப் பிடித்தார். அவர் பேசியதைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். பிறகு மீன் விற்கும் பெண்கள் வந்தார்கள். இந்த மெஷினை ஏமாற்ற முடியுமா என்று பந்தயம் கட்டிக்கொண்டு பேசினார்கள். வெளியே எஞ்சின் சத்தம், காக்கைச் சத்தம், பஸ் ஹாரன். எதையும் அவள் தடுக்கவில்லை. நாளைக்கு அழைக்கிறவன் பின்னாலும் இதெல்லாம் இருக்கும்தானே.

பதினேழு நாளில் அறுபத்துநான்கு குரல். ஆஷா ஒவ்வொன்றையும் காதில் ஹெட்போனோடு கேட்டுப் பெயரிட்டாள். ஐம்பது பேரை வைத்துப் பழக்கி, மெஷின் கேட்டே இராத பதினான்கு பேரை வைத்துப் பரீட்சை வைத்தார்கள். எண்பத்தெட்டு வந்தது. ஆஷா பகவதியின் தோளை அழுத்தினாள். "இது நிஜமான எண்பத்தெட்டு" என்றாள்.

மே முப்பது அன்று கமிட்டியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். கமிட்டித் தலைவர் புது எண் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, முன்பு தொண்ணூற்றேழு என்றீர்களே, இப்போது குறைந்திருக்கிறதே என்றார். 

நாகேஸ்வரன் எழுந்தார். "அந்த எண் தப்பு. தப்பை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, இந்தப் பயிற்சி மாணவி கண்டுபிடித்தாள். மீதியை அவளே சொல்வாள்."

பகவதி முன்னால் வந்தாள். தயார் செய்திருந்த திரையை விளக்கவே இல்லை. "உங்களில் யார் வேண்டுமானாலும் பேசிப் பாருங்கள். உங்கள் குரலை மெஷின் இதுவரை கேட்டதில்லை" என்று மலையாளத்தில் சொன்னாள்.

தலைவர் பேசினார். சரி. அடுத்தவர். சரி. நான்கு பேரும் முடிந்ததும், கீழே காரில் இருந்த டிரைவரை அழைத்து வரச் சொன்னார்கள். அவர் போனைக் கூச்சத்தோடு பிடித்து "பூவார், காற்று எங்ஙனெ" என்று கேட்டார். காற்று மிதம், அலை ஒரு மீட்டர் என்று மெஷின் சொன்னதும் தன்னையறியாமல் "சரி" என்று அதற்குப் பதில் சொன்னார். அறையே சிரித்தது. கதவருகே நின்று பார்த்த ஒருவர் ஆறாவதாகப் பேசினார், அவருக்குத் தப்பியது. பகவதி அந்தத் தப்பையும் எல்லோர் கண்முன்னும் பலகையில் எழுதினாள். தலைவர் தன் குறிப்பேட்டில் எதையோ அடிக்கோடிட்டதை அவள் அப்போது பார்த்தாள்.

இரண்டு வாரத்தில் ஒப்புதல் வந்தது. ஆஷாவின் ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு நீண்டது. கட்டுரை அச்சானபோது முதல் பெயர் பகவதியுடையது, அடுத்தது ஆஷாவுடையது. அந்த வரிசையை எழுதியவர் நாகேஸ்வரன். படிப்பு முடிந்த மறு மாதமே பகவதி அங்கே இன்ஜினியராகச் சேர்ந்தாள்.

சேவை திறந்த முதல் திங்கட்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள் வந்தன. பகவதியும் ஆஷாவும் திரைமுன் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டார்கள். நூற்றுத் தொண்ணூறு பேருக்குச் சரியான பதில். மற்ற இருபத்திரண்டையும் அடுத்த பழக்கத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, இருவரும் கேன்டீனுக்குப் போய் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.